கடுக்காய் போன தூரம்: மங்கோலிய மருத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கோலியாவின் மரபு மருத்துவம் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. நான் மருந்தியல் படித்தவன், வைத்தியன் அல்ல. எந்த மருந்துக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

இது சீன மருத்துவத்தின் ஒரு கிளைதானே?

இல்லை. வரைபடத்தைப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. மங்கோலிய இனத்தவர் பெரும்பாலும் மூன்று இடங்களில் வாழ்கிறார்கள். ஒன்று மங்கோலியா என்ற தனி நாடு. இரண்டாவது சீனாவுக்குள் இருக்கும் உள் மங்கோலியா. மூன்றாவது ரஷ்யாவில் பைக்கால் ஏரிப் பக்கம் இருக்கும் புரியாத்தியா. மூன்று இடத்திலும் இந்த மருத்துவம் உண்டு, மூன்று விதமாக வளர்ந்திருக்கிறது. ஆனால் அதன் பாடநூல் சீனாவிலிருந்து வந்ததல்ல, திபெத்திலிருந்து வந்தது.

1578இல் மங்கோலிய அரசர் அல்தான் கான், திபெத்தியத் துறவி சோனம் கியாத்சோவுக்கு தலாய் லாமா என்ற பட்டத்தைக் கொடுத்தார். அதற்குப் பின் பௌத்தம் புல்வெளியெங்கும் பரவியது. மடங்கள் வந்தன, மடத்தோடு மருத்துவக் கல்லூரியும் வந்தது. அதற்கு ‘மன்பா தத்சான்’ என்று பெயர். அங்கே படித்த நூல் 156 அத்தியாயங்கள் கொண்ட திபெத்திய ‘நான்கு தந்திரங்கள்’. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

கீ, ஷர், பத்கன் என்கிறார்களே, அது நம் வாதம், பித்தம், கபம்தானா?

அதேதான், தற்செயலாக ஒத்துப்போனதும் அல்ல. வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க இருதயத்தை 11ஆம் நூற்றாண்டு வாக்கில் ரின்சென் சாங்போ என்ற திபெத்திய அறிஞர் மொழிபெயர்த்தார். நான்கு தந்திரங்களுக்குள் அதன் சாறு நிறைய இறங்கியிருக்கிறது. கீ என்றால் மங்கோலிய மொழியில் காற்று. ஷர் என்றால் மஞ்சள், அதாவது பித்தத்தின் நிறம். பத்கன் மட்டும் திபெத்தியச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது.

நாடி பார்ப்பதும் உண்டு. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, இரண்டு கையிலும் பார்க்கிறார்கள். சிறுநீர் பார்ப்பதும் உண்டு. நம் நெய்க்குறி மாதிரி எண்ணெய் விட்டுப் பார்ப்பதில்லை. குச்சியால் கலக்கி நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது, நிறம் என்ன, ஆவி எப்படி எழுகிறது என்று பார்ப்பார்கள்.

திபெத்திலிருந்து வருவதற்கு முன் மங்கோலியர்களுக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லையா?

நிறைய இருந்தது, பெரும்பாலும் காயத்துக்கும் எலும்புக்கும். குதிரைமேல் வளரும் சமூகத்துக்கு வேறென்ன அவசரத் தேவை இருக்கும்? எலும்பு கட்டுபவரை ‘பரியாச்’ என்பார்கள். இன்றும் நாதம் திருவிழாக் குதிரைப் பந்தயத்தில் கீழே விழுந்தவரை முதலில் அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். சீனாவை ஆண்ட மங்கோலிய வம்சமான யுவான் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் பூஜிர் என்ற வீரரின் கதை வருகிறது. உடம்பெல்லாம் அம்பு தைத்து, நினைவிழந்து கிடக்கிறார். செங்கிஸ் கான் ஒரு மாட்டை வெட்டி வயிற்றைக் கிழிக்கச் சொல்கிறார். அந்தச் சூடான ரத்தத்துக்குள் பூஜிரை வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண் விழித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறது. ரத்தம் நிறையப் போய் உடல் சில்லிட்டவருக்கு வெப்பம் கொடுத்தது உதவியிருக்கலாம். மாட்டு வயிற்றுக் கிருமிகள் காயத்துக்குள் போனது உதவியிருக்காது. அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி வரலாறு எழுதவில்லை, அவ்வளவுதான்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழியாகவும் இருக்கவில்லை. சீமைச்சீரகத்தைத் துணியில் முடிந்து, சூடான எண்ணெயில் தோய்த்து, உடம்பில் ஒற்றி எடுக்கும் வைத்தியத்துக்குத் திபெத்தியர்களே ‘ஹோர் மே’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹோர் என்பது மங்கோலியர்களுக்குத் திபெத்தியர் வைத்த பெயர், மே என்றால் நெருப்பு. நம் ஊர் ஒத்தடக் கிழியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடுக்காய் அங்கே விளையாதே, பிறகு எப்படி?

வணிகத்தில் போனது. இந்த மருத்துவத்தில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

மங்கோலிய மருந்துக் கடையில் காதில் விழும் பெயர்கள் சில: அரூர், பரூர், ஜூரூர், சாதி, சுக்மெல், அகர், குர்கெம், கவர். (அரூர் என்றதும் தருமபுரி நினைவுக்கு வரும். தொடர்பு எதுவும் இல்லை.) அரூர் என்றால் கடுக்காய். சாதி என்பது சாதிக்காய். வடமொழியின் ஜாதி திபெத் வழியாகப் போய், அங்கேயும் சாதியாகவே நிற்கிறது. சுக்மெல் ஏலக்காய். வடமொழியில் சிற்றேலத்துக்கு இருக்கும் ‘சூக்ஷ்மைலா’ தேய்ந்து தேய்ந்து சுக்மெல் ஆகியிருக்கிறது. அகர் நம் அகில். கவர் கற்பூரம். குர்கெம் குங்குமப்பூ.

இங்கேதான் கவனம் தேவை. பெயர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும், சரக்கு அப்படிப் போகாது. வழி அடைபட்டால், விலை ஏறினால், அந்தப் பெயரை உள்ளூரில் கிடைக்கும் ஏதோ ஒன்று எடுத்துக்கொள்ளும். குர்கெம் என்ற பெயரில் மங்கோலியாவில் வழங்குவது பெரும்பாலும் குங்குமப்பூ அல்ல, குசும்பாப்பூ.

திரிபலா கதை இன்னும் சுவாரசியம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் திபெத்திய மருத்துவத்தில் அரூர, பரூர, கியுரூர என்று போயின. அங்கிருந்து மங்கோலியாவுக்கும் போயின. உள் மங்கோலியாவில் இன்றும் இந்த மூன்றைச் சமமாகச் சேர்த்துப் பொடி செய்கிறார்கள். சீன அரசின் மருந்துத் தர நூலில் ‘மூன்று கொட்டைப் பொடி’ என்று அது இடம்பெற்றும் இருக்கிறது. ஆனால் உள்ளே பார்த்தால் கடுக்காய் கடுக்காயாகவே இருக்கிறது. தான்றிக்காயின் இடத்தில் மலைவேம்புக்கு நெருங்கிய உறவான ஒரு மரத்தின் காய் இருக்கிறது. நெல்லிக்காயின் இடத்தில் கார்டீனியா பழம். கார்டீனியா காபிச் செடியின் குடும்பம், அதன் பழம் துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்ற உதவுவது. நெல்லிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். சில நூறு ஆண்டுகளாக அந்தச் சேர்க்கையைக் கொடுத்துப் பார்த்து, காய்ச்சலுக்கு ஆகும் என்று அவர்களே கண்டுகொண்ட தனி மருந்து அது. ஆனால் திரிபலா பற்றி இந்தியாவில் செய்த ஆய்வைக் காட்டி அந்தப் பொடியை விற்க முடியாது. அதைப் பற்றி அங்கே செய்த ஆய்வை இங்கே கொண்டுவந்து திரிபலாவின் பெருமை பாடவும் முடியாது. இணையத்தில் இரண்டும் நடக்கிறது.

இந்தக் குழப்பம் அந்தக் காலத்து வைத்தியர்களுக்கும் தெரிந்தே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜம்பல்தோர்ஜ் என்ற மங்கோலிய அறிஞர் எழுதிய மருந்துச்சரக்கு நூலில் ஒரே பொருளுக்குத் திபெத்தி, மங்கோலியம், சீனம், மஞ்சு என்று பல மொழிப் பெயர்களும் பக்கத்திலேயே படமும் உண்டு. வேறு வேறு பெயரில் வேறு வேறு சரக்கு வந்து இறங்கும் கடைத்தெருவைப் பார்த்தவர்தான் அப்படி ஒரு நூல் எழுத உட்காருவார்.

மருந்துப் பெயருக்குப் பின்னால் ஏன் எண்?

எத்தனை சரக்கு சேர்கிறது என்ற கணக்கு. மனா-4 என்றால் நான்கு, நோரோவ்-7 என்றால் ஏழு, அகர்-35 என்றால் முப்பத்தைந்து. சளிக் காய்ச்சலுக்கு அங்கே வீடுகளில் முதலில் தேடுவது முதல் இரண்டையும்தான். பொடியை வெந்நீரில் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். ‘தங்’ என்று முடிந்தால் கஷாயம், ‘ஊரில்’ என்று முடிந்தால் உருண்டை. தனிச்செடி வைத்தியம் அபூர்வம், எப்போதும் கூட்டுதான். அதனால்தான் ஆராய்ச்சியும் கடினமாகிறது.

நாவி போன்ற நஞ்சைக்கூட மருந்தில் சேர்க்கிறார்களாமே?

சேர்க்கிறார்கள். கர்தி-5 என்ற உருண்டையை எடுத்துக்கொள்வோம். கர்தி என்றால் கருடன், நம் கருடனேதான். நாவி இனத்துக் கிழங்கு, கடுக்காய், வசம்பு, கோஷ்டம், கஸ்தூரி என்று ஐந்து. மூட்டுவலி, நரம்பு இழுப்பு, வீங்கிய தொண்டை ஆகியவற்றுக்குக் கொடுப்பார்கள்.

நாவிக் கிழங்கில் உள்ள அகோனிட்டின் சும்மா விடும் பொருளல்ல. இதயத் தசையிலும் நரம்பிலும் சோடியம் உள்ளே வரும் கதவு ஒன்று உண்டு. திறந்து உடனே மூட வேண்டிய கதவு அது. அகோனிட்டின் அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. முதலில் நாக்கும் உதடும் மரத்துப்போகும், பிறகு வாந்தி, பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். சுத்தமான அகோனிட்டின் இரண்டு மில்லிகிராம் அளவே ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

நம் ஊரில் நாவியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்வார்கள். சீன முறையில் நெடுநேரம் கொதிக்கவைப்பார்கள். கொதிக்கும்போது என்ன நடக்கிறது என்பது வேதியியலில் தெளிவாகத் தெரியும். அகோனிட்டின் மூலக்கூறில் இரண்டு எஸ்டர் தொங்கல்கள் இருக்கின்றன. வெந்நீர் முதலில் ஒன்றை வெட்டிவிடும், பிறகு மற்றதையும் வெட்டிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் நஞ்சு பல மடங்கு குறையும்.

உள் மங்கோலியாவில் இன்னொரு வழி இருக்கிறது. கடுக்காயைக் காய்ச்சிய கஷாயத்தில் கிழங்கை நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். நெருப்பில்லாமல் கடுக்காய் என்ன செய்துவிடும் என்று அங்குள்ள ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாகத் தோண்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் தரும் விளக்கம் இது: கடுக்காயின் டானின்கள், அதாவது அந்தத் துவர்ப்பு, ஆல்கலாய்டுகளோடு பிணைந்துகொள்கின்றன. உடம்புக்குள் போன பின் அவை ஒரேயடியாக ரத்தத்தில் இறங்காமல் மெல்ல மெல்ல இறங்குகின்றன. ஒரு பகுதி ஊறும் நீரோடும் போய்விடுகிறது. எலிகளில் கடுக்காயோடு சேர்த்துக் கொடுத்தபோது இதயப் பாதிப்பு குறைந்ததைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு.

மரபு மருத்துவமும் ஆய்வுக்கூடமும் ஒன்றுக்கொன்று உபயோகப்படும் இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். ‘கருடன்-5 மூட்டுவலியைத் தீர்க்கிறதா’ என்பது பெரிய கேள்வி, பதில் எளிதில் வராது. ‘ஊறவைத்த கிழங்கில் அகோனிட்டின் எவ்வளவு மிச்சம்’ என்பது சின்னக் கேள்வி, மறுநாளே பதில் கிடைக்கும், ஓர் உயிரையும் காப்பாற்றும்.

நடுவில் இந்த மருத்துவம் அழிந்துபோனது என்கிறார்கள், உண்மையா?

கிட்டத்தட்ட. மங்கோலியாவில் வைத்தியரும் துறவியும் பெரும்பாலும் ஒரே ஆள். 1937 முதல் 1939 வரை, சொய்பால்சான் ஆட்சியில், ஸ்டாலின் பாணியில் நடந்த களையெடுப்பில் ஏறத்தாழ 17,000 லாமாக்கள் கொல்லப்பட்டார்கள். 700க்கு மேற்பட்ட மடங்கள் இடிக்கப்பட்டன. மருத்துவக் கல்லூரிகளும் அதோடு போயின. தப்பியவர்கள் மருந்துப் பையை ஒளித்துவைத்துக்கொண்டு ஆடு மேய்க்கப் போனார்கள்.

பிறகு ஒரு வேடிக்கை. வைத்தியத்தைத் தடுத்த அதே அரசின் கீழ் செடிகளை ஆராய்வதற்குத் தடை இருக்கவில்லை. 1950களின் இறுதியிலிருந்து வேதியியல், மருந்தியல் என்ற பெயரில் அந்த வேலை நடந்தது. ஹைதவ் போன்ற மருந்தியல் அறிஞர்கள் பழைய மருந்துகளின் செடிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிவு செய்தார்கள். கோட்பாடு தடையில், செடி ஆய்வுக்கூடத்தில். 1990இல் ஜனநாயகம் வந்த பிறகு தலைநகர் உலான்பத்தாரில் மன்பா தத்சான் மறுபடி எழுந்தது. 1999இல் நாடாளுமன்றம் மரபு மருத்துவத்துக்கென்று அரசுக் கொள்கையே நிறைவேற்றியது.

இன்றைய மங்கோலியர்கள் உண்மையில் இதைப் பயன்படுத்துகிறார்களா?

பயன்படுத்துகிறார்கள், ஆங்கில மருத்துவத்தோடு சேர்த்து. மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மரபு மருத்துவம் படிப்பவர்கள் உடற்கூறியல், மருந்தியல் எல்லாமும் படிக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது மருந்துப்பைத் திட்டத்தை. 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நாடு, ஜனத்தொகை 35 லட்சத்தை ஒட்டி. மேய்ச்சல் குடும்பத்தின் கூடாரத்திலிருந்து மருத்துவரிடம் போக, பனிக்காலத்தில் ஒரு நாள்கூட ஆகலாம். 2004இல் ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை உதவியோடு ஒரு திட்டம் தொடங்கினார்கள். நடத்தும் அமைப்புக்கு வன்செம்பெரூ என்று பெயர். அது அல்தாய் மலை உச்சியில் பூக்கும் ஒரு பனிப்பூவின் பெயர்.

வேலை நடக்கும் விதம் எளிது. மரபு மருந்துகள் அடங்கிய ஒரு பையைக் கூடாரத்தில் கொடுத்துவிட்டு வருவார்கள். காசு வாங்குவதில்லை. சில மாதம் கழித்து மறுபடி போய், பையைத் திறந்து, எதெது எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். குறைந்ததற்கு மட்டும் பணம், குறைந்ததை நிரப்பிவிட்டு அடுத்த கூடாரம். ஜப்பானின் தொயாமா ஊர் மருந்து வியாபாரிகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே செய்துவந்த முறை இது. தவணைக்காரரைத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமாகவே இருக்காது.

தலைவலிக்கும் வயிற்று உப்புசத்துக்கும் நெடுந்தூரப் பயணம் மிச்சமானது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் உலான்பத்தாரில் கூட்டிய மாநாட்டில் இந்தத் திட்டம் பேசப்பட்டது. தாய்லாந்து, மியான்மர் போன்ற நாடுகளும் இதைப் பார்த்து முயன்றன. எந்த மருந்து வேலை செய்தது என்பதற்கு இது ஆதாரமல்ல. மருந்தும் ஆளும் ஒரே இடத்தில் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்பதற்கு ஆதாரம்.

மனிதர்களிடம் முறையாகச் சோதித்த மருந்து ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் அது உலான்பத்தாரிலோ உள் மங்கோலியாவிலோ அல்ல, சுவிட்சர்லாந்து வழியாக வந்தது.

புரியாத் மங்கோலியர்களில் பத்மாயெவ் என்று ஒரு வைத்தியக் குடும்பம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அண்ணன் சுல்திம் பீட்டர்ஸ்பர்க் போய் மூலிகை மருந்தகம் வைத்தார். பிறகு தம்பி ஜம்சரான் வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம் பெற்றுப் பியோத்தர் ஆனார், ஞானத்தந்தை ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர். நான்கு தந்திரங்களை ரஷ்ய மொழியில் கொண்டுவந்தவரும் இவரே. புரட்சிக்குப் பின் குடும்பத்தின் ஒரு கிளை போலந்தில் வைத்தியம் பார்த்தது. அங்கிருந்து செய்முறைகள் கார்ல் லுட்ஸ் என்ற சுவிஸ்காரர் கைக்கு வந்தன. 1969இல் அவர் ஒரு மருந்து நிறுவனம் தொடங்கி, பத்மா என்று பெயர் வைத்தார்.

பத்மா-28 என்ற மாத்திரை ‘கபுர்-25’ என்ற பழைய செய்முறையிலிருந்து வந்தது. கபுர், முன்பு பார்த்த அதே கற்பூரம். பழைய வழக்கப்படி எண் சரக்குக் கணக்கு. ஆனால் இங்கே 28 என்பது பத்மாயெவ் பட்டியலில் அந்த மருந்தின் வரிசை எண். உள்ளே கடுக்காய், ஏலக்காய், வேப்பம்பழம், வில்வம், செஞ்சந்தனம், கிராம்பு, அதிமதுரம், கோஷ்டம் எல்லாம் இருக்கின்றன. கூடவே ஐஸ்லாந்துப் பாசி! திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் அந்தப் பாசிக்கும் என்ன சம்பந்தம்? ஐரோப்பாவுக்கு வந்த இடத்தில் ஏதோ ஒரு சரக்கின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. குர்கெம் கதையேதான்.

சோதித்தது கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். இதை அளப்பது சுலபம், நடக்கவிட்டு மீட்டர் எண்ணினால் போதும். 1993இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் 36 நோயாளிகள், நான்கு மாதம். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. பத்மா எடுத்தவர்கள் வலியில்லாமல் நடந்த தூரம் 52 மீட்டரிலிருந்து 86 ஆனது. முடிந்தமட்டும் நடந்த தூரம் 115இலிருந்து 227 ஆனது. போலி மாத்திரைக்காரர்களிடம் சொல்லும்படி மாற்றமில்லை.

சரி, அப்படியானால் நிரூபணமாகிவிட்டதா? இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் ஐந்து ஆய்வுகளையும், அவற்றில் இருந்த 365 பேரையும் சேர்த்துப் பார்த்தது. நடக்கும் தூரம் கூடியதற்கு அறிகுறி இருக்கிறது என்றது. ஆனால் ஆய்வுகள் சின்னவை, பாதியில் விலகியவர்கள் அதிகம், அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று முடித்தது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இருந்தாலும் கவனியுங்கள்: இந்தப் பாரம்பரியத்தின் ஒரு மருந்து இவ்வளவு தூரம் அளக்கப்பட்டதற்குக் காரணம், யாரோ ஒருவர் செய்முறையை எழுதி, சரக்கைப் பூட்டி, ஒவ்வொரு மாத்திரையும் ஒன்றுபோல இருக்கும்படி செய்தது.

உள் மங்கோலியாவில் ஏராளமான ஆய்வுகள் வருகின்றனவே?

வருகின்றன, பணமும் ஆளும் அங்கேதான் அதிகம். ஆனால் பெரும்பாலானவை எலிகளில் செய்தவை. சாதி-5 என்று ஒரு மருந்து: சாதிக்காய், திப்பிலி, கோஷ்டம், இனுலா வேர், ஒரு புளிப்புப் பழம். ‘இதயக் கீ’ என்ற நோய்க்கு, அதாவது படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத பயம் ஆகியவற்றுக்குத் தருவார்கள். இதை ஆராய எலிகளை வாரக்கணக்கில் தொந்தரவு செய்கிறார்கள். கூண்டைச் சாய்க்கிறார்கள், படுக்கையை நனைக்கிறார்கள், இரவு பகலை மாற்றுகிறார்கள். பிறகு ஒரு குப்பியில் சர்க்கரைத் தண்ணீரும் இன்னொன்றில் வெறும் தண்ணீரும் வைக்கிறார்கள். மனம் நொந்த எலிக்குச் சர்க்கரைத் தண்ணீரில் ஆசை போய்விடும். மருந்து கொடுத்த எலி மறுபடி சர்க்கரையைத் தேடினால் நல்ல பலன் என்று எழுதுகிறார்கள்.

எலிக்கு இதயக் கீ வருமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ‘எர்தெனி ஊரில்’ என்ற 29 சரக்கு உருண்டையைப் பக்கவாதம் வந்த எலிகளுக்குக் கொடுத்து மூளையின் படத்தை எடுத்துப் பார்த்த ஆய்வுகள் இதைவிட ஒரு படி மேல். ஏனென்றால் மூளையில் ரத்தம் அடைபட்டால் எலிக்கும் மனிதருக்கும் அடிப்படையில் ஒரே சேதம்தான்.

மூளை அதிர்ச்சிக்குத் தலையைத் தட்டிச் சரிசெய்வதை நம்பலாமா?

தலையில் துணியை இறுக்கிக் கட்டி, தட்டித் தட்டி அதிர வைப்பார்கள். வேண்டாம். உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் அந்தத் தட்டலே ஆபத்து. முதலில் ஸ்கேன்.

மர்மோட் என்ற கொறிவிலங்கின் சிறுநீரகத்தைப் பச்சையாகச் சாப்பிடுவதும் இந்த மருத்துவம்தானா?

இல்லை, அது ‘தோம்’ எனப்படும் நாட்டு வழக்கம். லாமா வைத்தியரின் பாடத்திட்டத்தோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. 2019இல் பயான்-உல்கி மாகாணத்தில் ஒரு தம்பதி உடம்புக்கு நல்லது என்று மர்மோட் இறைச்சியையும் உள்ளுறுப்பையும் பச்சையாகச் சாப்பிட்டு, பிளேக் வந்து இறந்தார்கள். அந்த ஊரையே ஆறு நாள் அடைத்துவைத்தார்கள்.

குதிரைப்பால் கள்ளான ஐராக் காசநோயைக் குணமாக்குமா?

19ஆம் நூற்றாண்டு ரஷ்யர்கள் நம்பினார்கள். 1858இல் போஸ்த்னிகோவ் என்ற மருத்துவர் சமாராவில் இதற்கென்றே விடுதி வைத்தார். எழுத்தாளர் செக்காவ் 1901இல் தேனிலவுக்கே பாஷ்கீர் பக்கம் போய்த் தினமும் புட்டி புட்டியாகக் குடித்தார், எடையும் ஏறியது. 1904இல் காசநோயிலேயே இறந்தார். சத்துள்ள பானம், இரண்டு சதவீத அளவில் சாராயமும் உண்டு. அவ்வளவுதான்.

இந்த மருந்துகளுக்காகச் செடிகளும் விலங்குகளும் அழிகின்றனவா?

ஆமாம், அதில் ஒளிவுமறைவு இல்லை. சீனச் சந்தைக்காகப் புல்வெளியில் அதிமதுர வேரையும் ஹுன்சிர் எனப்படும் அஸ்திரகாலஸ் வேரையும் தோண்டியிருக்கிறார்கள். வேர் மருந்து என்றாலே செடியோடு போகும். தோண்டிய குழி மூடாமல் கிடந்தால் புல்வெளி மண்ணும் காற்றில் போகும். வன்செம்பெரூ இன்னும் பாவம். பல ஆண்டு வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, மடிகிற செடி. மருந்துக்குப் பறிப்பது அந்தப் பூவைத்தான், அப்போது விதைக்கு வழி ஏது?

கோஷ்டம் காட்டில் பிடுங்கியதானால் பன்னாட்டு வணிகத்துக்கே தடை. கஸ்தூரி மான் அதேபோல் நெருக்கடியில் இருக்கிறது, சைகா மானும் அண்மைக் காலம் வரை அப்படித்தான் இருந்தது. சைகா கொம்பைச் சீனச் சந்தை கேட்கிறது. போதாக்குறைக்கு 2017இல் ஆட்டுக்கொல்லி நோய் வந்து மங்கோலியச் சைகாக்களில் பாதிக்கும் மேல் செத்தன.

நான் வாங்கிச் சாப்பிடலாமா?

நீங்களாக வேண்டாம். நாவி சேர்ந்தவற்றை எந்த நிலையிலும் வேண்டாம். சில செய்முறைகளில் சாதிலிங்கம் உண்டு, அது பாதரசக் கூட்டு. அதிமதுரம் நாள்பட எடுத்தால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அங்கேயே போய், அங்குள்ள மருத்துவரிடம் காட்டி வாங்கினால் வேறு விஷயம். அப்போதும் சீட்டில் ஒவ்வொரு சரக்கின் தாவரவியல் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், ஊருக்கு வந்தபின் உங்கள் மருத்துவரிடம் காட்ட உதவும். கடைக்காரர் பொட்டலத்தில் ‘பரூர்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து, அது தான்றிக்காயா மலைவேம்பின் உறவா என்று கேட்டால் தலையைச் சொறிந்தால், பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.